விலை இறங்கிய சரக்கு: இல்லாத லாபத்துக்கு வரி கட்ட வேண்டாம்

மார்ச் 31 அன்று கடையிலும் கிடங்கிலும் இருக்கும் சரக்குக்கு என்ன மதிப்புப் போடுகிறோமோ, அதைப் பொறுத்தே அந்த ஆண்டின் லாபம் அமைகிறது. இறுதி இருப்பு கூடினால் லாபம் கூடும், வரியும் கூடும். இது வியாபாரிகள் அறிந்ததே. ஆனாலும் மூன்று வருடமாக அலமாரியில் கிடக்கும் சரக்கையும் வாங்கிய விலைக்கே எழுதி ஆடிட்டரிடம் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. இது நேர்மை என்றே பலர் நம்புகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ஒரு ஜவுளிக் கடையில் 50 லட்ச ரூபாய் இருப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 லட்சத்துக்கான துணி பழைய டிசைன். ஆடித் தள்ளுபடியிலும் போகவில்லை. மொத்தமாக எடுப்பவர் 4 லட்சம் தருவார். வண்டி வாடகை, தரகு என்று 40,000 போனால் கையில் நிற்பது 3,60,000. அடக்க விலையோடு ஒப்பிட்டால் 8,40,000 குறைவு. லாபத்தில் நடக்கும் ஒரு கூட்டு வணிக நிறுவனம் இதைக் கழிக்காமல் விட்டால், 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து சுமார் 2,62,000 ரூபாயைக் கூடுதலாகக் கட்டுகிறது. துணி விற்கும் ஆண்டில் நஷ்டம் கணக்கில் வரும் என்பது உண்மைதான். அந்த ஆண்டில் லாபம் இருக்குமா? அதுவரை இந்தப் பணத்துக்கு வட்டி யார் தருவார்கள்?

அடக்க விலை, விற்றால் செலவு போக நிகரமாகக் கிடைக்கும் தொகை, இவ்விரண்டில் எது குறைவோ அதுவே சரக்கின் மதிப்பு. கணக்கியல் தரநிலை 2 இதைத்தான் சொல்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 145ஏ பிரிவிலும், 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் இதே விதி இடம்பெற்றது. எதிர்பார்க்கும் நஷ்டத்தைக் கணக்கில் எடுக்கலாம், எதிர்பார்க்கும் லாபத்தை எடுக்கக் கூடாது என்ற வணிக வழக்கத்தை, செயின்ரூப் சம்பத்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950களிலேயே ஏற்றுவிட்டது. ஆகவே இது அதிகாரி காட்டும் சலுகை அல்ல, உங்கள் உரிமை. ஆனால் விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதத்தை வருமானமாகக் காட்டும் உத்தேச வரித் திட்டத்தில் இருப்பவர்கள் இதைத் தனியாகக் கழிக்க முடியாது.

மூலப்பொருளில் ஒரு நுணுக்கம் உண்டு. 2022 மே மாதத்தில் ஒரு கண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. பின்னர் வெகுவாகச் சரிந்தது. விலை இறங்கியது என்பதற்காக மட்டும் நூற்பாலை தன் பஞ்சின் மதிப்பைக் குறைத்துவிட முடியாது. அந்தப் பஞ்சில் நூற்கும் நூல் அடக்க விலைக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால், பஞ்சு அடக்க விலையிலேயே நிற்க வேண்டும். நூல் விலையும் விழுந்து, அடக்கம்கூடத் தேறாது என்றால்தான் பஞ்சின் மதிப்பைக் குறைக்கலாம்.

தகராறு வருவது பெரும்பாலும் ஆதாரத்தில். 'பழைய சரக்குக்கு மொத்தமாக 20 சதவீதம் கழித்தேன்' என்றால் அதிகாரி ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. என்ன பொருள், எத்தனை, எப்போது வாங்கியது, இன்று எவ்வளவுக்குப் போகும் என்று பொருள் பொருளாகப் பட்டியல் வேண்டும். சேதமான சரக்குக்குப் படம் எடுத்து வையுங்கள். வாங்குபவர் கேட்ட விலைக்கான கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் அதே சரக்கைக் குறைந்த விலைக்கு விற்ற பில் மிக நல்ல சான்று. இந்த ஆண்டின் இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு என்பதையும் மறக்க வேண்டாம். அதை மாற்றி எழுதினால் சிக்கல்தான்.

ஜிஎஸ்டியில் இரண்டு நிலைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். குறைந்த விலைக்கு விற்றால், விற்ற விலைக்கு வரி போட்டால் போதும். சரக்கை அழித்தாலோ, கணக்கிலிருந்தே தள்ளுபடி செய்தாலோ, 17(5)(எச்) பிரிவின்படி அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும். எரிப்பதற்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். சிசி கடன் வரம்பு குறையக் கூடாது என்று செத்த சரக்கையும் முழு விலைக்குக் காட்டுவது கடனை வளர்க்குமே தவிர, தொழிலை வளர்க்காது. வரித்துறைக்கு ஒரு மதிப்பும் வங்கிக்கு வேறு மதிப்பும் கொடுத்தால், அந்த வித்தியாசத்துக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். புதிதாகக் கூட்டாளியாகச் சேருபவர்கள் முதலீடு போடுமுன் இருப்பைக் கண்ணால் பாருங்கள். சேர்ந்த பிறகு கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உரிமை தருகிறது.

சரக்கு மதிப்பில் சந்தேகம் வந்தால் காஸ்ட் அக்கவுண்டன்டைக் கொண்டு மதிப்பிடச் சொல்லும் அதிகாரம் 2023 நிதிச் சட்டத்தால் வரித்துறைக்கு வந்திருக்கிறது. உத்தரவுக்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும், செலவு அரசுடையது. உங்கள் மதிப்பை ஏற்காமல் வரி விதித்தால், நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சரக்கின் மதிப்பைக் குறைத்ததால் அந்த ஆண்டு நஷ்டம் வந்தால் அதை 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். அதற்கு ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.