அரை மாரத்தானும் ஒலிம்பிக் வாய்ப்பும்

ஒலிம்பிக் மாரத்தானுக்குரிய வீரர்களைப் பல நாடுகளில் ஒரு குழுவே தேர்ந்தெடுக்கிறது. ஓட்டக்காரர்களின் பழைய சாதனைகளையும் அண்மைக்காலத் தேக நிலையையும் நிபுணர்கள் கூடி ஆராய்ந்து பெயர்களை அறிவிப்பது அங்கெல்லாம் வழக்கம். அமெரிக்காவோ நெடுங்காலமாக வேறொரு நியமத்தைக் காத்து வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆண்கள் யாவரையும் ஒரு பந்தயத்திலும் பெண்கள் யாவரையும் ஒரு பந்தயத்திலும் ஓடவிட்டு, இரு பாலாரிலும் முதலில் வந்து சேரும் மும்மூன்று பேருக்கே ஒலிம்பிக் வாய்ப்பை அளிப்பது என்பதே அந்த நியமம். முன்பு பெற்ற பதக்கமோ, பத்திரிகைகளில் வந்த புகழுரையோ, பயிற்சியாளரின் சிபாரிசோ அன்றைய தினம் எவருக்கும் துணை நிற்பதில்லை.

1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கை முன்னிட்டு, அந்த நகரைப் போலவே கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் அமைந்த அலமோசா என்னும் கொலராடோ மாநிலத்துச் சிற்றூரில் ஆண்களுக்கான இத்தகைய தேர்வு ஓட்டம் நடைபெற்றது. பெண்களுக்கு 1984 வரை ஒலிம்பிக்கில் மாரத்தானே இல்லாதிருந்தமையால், அவர்களுடைய முதல் தேர்வு ஓட்டம் அவ்வாண்டு மே மாதத்தில் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா நகரில் நடந்தது. முழங்காலில் சத்திர சிகிச்சை செய்துகொண்டு 17 நாட்களே ஆகியிருந்த ஜோன் பெனாய்ட் அதில் முதலாவதாக வந்தார். சில மாதங்களுக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸில், பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானின் தங்கப் பதக்கத்தையும் அவரே வென்றார்.

முதல் மூன்று பேரைப் பற்றி உலகம் பேசுகிறது. ஆனால் அந்தத் தொடக்கக் கோட்டில் போய் நிற்பதற்கே ஒரு யோக்கியதாம்சம் வேண்டும் என்பதும், அதைச் சம்பாதிப்பதற்காகவே ஆயிரக்கணக்கானோர் வருஷக் கணக்கில் பிரயத்தனப்படுகிறார்கள் என்பதும் வெளியில் அதிகம் தெரிவதில்லை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் நடந்த தேர்வு ஓட்டத்துக்கு, மாரத்தானை ஆண்கள் 2 மணி 18 நிமிஷத்துக்குள்ளும் பெண்கள் 2 மணி 37 நிமிஷத்துக்குள்ளும் ஓடியிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. அப்படி ஓடாதவருக்கு இன்னொரு வழியும் இருந்தது. 21.0975 கிலோமீட்டர் தூரமுள்ள அரை மாரத்தானை ஆண்கள் 1 மணி 3 நிமிஷத்துக்குள்ளும் பெண்கள் 1 மணி 12 நிமிஷத்துக்குள்ளும் ஓடி முடித்தால் போதுமானதாக இருந்தது. முழு மாரத்தானை வாழ்நாளில் ஒருமுறைகூட ஓடாதவராயினும் அவருக்குத் தேர்வில் இடம் இருந்தது.

இதைக் கேட்ட மாத்திரத்தில், பாதித் தூரம் ஓடியவனுக்கு முழுத் தூரத்தில் இடம் கொடுப்பது என்ன நியாயம், இது குறுக்கு வழி அல்லவா என்ற ஆட்சேபம் எழுவது இயல்பே. அந்தச் சந்தேகத்தைக் கணக்குப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஆண்களின் அரை மாரத்தான் நேரத்தை இரட்டித்தால் 2 மணி 6 நிமிஷம் வருகிறது. முழு மாரத்தானுக்கு விதித்த நேரமோ 2 மணி 18 நிமிஷம். நீண்ட தூரத்தில் வேகம் குறையத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லலாம். எவ்வளவு குறையும் என்பதற்கும் ஒரு மதிப்பீடு இருக்கிறது. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு தூரத்தில் ஓடிய நேரத்தைக் கொண்டு மற்றொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை வகுத்தார். தூரம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்காகும் என்பது அதிலிருந்து பெறப்படுவது. அதன்படி 63 நிமிஷத்தில் அரை மாரத்தான் ஓடுகிறவர் முழு மாரத்தானை 2 மணி 11 நிமிஷ அளவிலும், 72 நிமிஷத்தில் ஓடுகிற பெண் 2 மணி 30 நிமிஷ அளவிலும் முடிக்கக்கூடியவர்கள். ஆகவே குறுகிய வழி என்று நாம் எண்ணுவது, உண்மையில் ஏழு நிமிஷம் முந்தி முடிக்கும் திறமையைக் கேட்கும் வழியாகும். ஆண்கள் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 3 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக, இருபத்தொரு முறை இடைவிடாமல் ஓடிக் காட்ட வேண்டும் என்ற அந்த நிபந்தனையைச் சலுகை என்று எவரும் சொல்ல முடியாது.

இவ்வளவு கடுமையாக வைத்ததன் நியாயம் தேக தத்துவத்தில் இருக்கிறது. ஓடுகிற மனிதனின் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கிளைகோஜென் என்னும் மாவுச்சத்து, வேகமான ஓட்டத்துக்கு முக்கிய ஆதாரமாகும். அரை மாரத்தான் முடியும் வரையில், நன்கு பயிற்சி பெற்றவருக்கு அந்தச் சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்து போவதில்லை. ரத்தத்தில் லாக்டேட் என்னும் வேதிப்பொருள் மளமளவென்று பெருகத் தொடங்கும் எல்லையை ஒட்டியே அவர் கடைசிவரை ஓடிவிடலாம். முழு மாரத்தானிலோ 30-ஆவது கிலோமீட்டரைத் தாண்டும் சமயத்தில் அந்தச் சேமிப்பு வற்றத் தொடங்குகிறது, எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரியே எரியத் தொடங்குவதுபோலத் தேகம் வேறு வழிகளில் சக்தியைத் தேடுகிறது, வேகம் குன்றுகிறது, கால்கள் ஆயிரக்கணக்கான முறை தரையில் மோதிய அதிர்ச்சியைத் தாங்கிய தொடைத் தசைகள் அடிக்கு அடி வலிக்கின்றன. முதல் 30 கிலோமீட்டரில் முன்னணியில் இருந்தவர், மிச்சமுள்ள 12 கிலோமீட்டரில் எங்கோ பின்னால் போய்விடுவது இந்தப் பந்தயத்தில் சர்வ சாதாரணம். அரை மாரத்தான் அந்தக் கடைசிப் பகுதியைச் சோதிப்பதில்லை. சோதிக்காததை ஈடுகட்டும்படி அதன் நேரம் இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. இது விவேகமான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் கடினமான வழியை ஒருவர் ஏன் நாட வேண்டும்? முழு மாரத்தானை உச்ச சக்தியோடு ஓடியவர் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. அதனால் தேர்ந்த ஓட்டக்காரர்களே வருஷத்துக்கு இரண்டு மூன்று மாரத்தான்களுக்கு மேல் ஓடுவதில்லை. குறித்த நாளில் வெயிலோ எதிர்காற்றோ வயிற்றுக் கோளாறோ வந்துவிட்டால், அரை வருஷத்து உழைப்பு அன்றோடு போயிற்று. அரை மாரத்தானில் தவறினால் சில வாரங்களில் மறுபடியும் முயலலாம். மேலும், 10,000 மீட்டர் போன்ற தடகளப் போட்டிகளில் வேகத்தை வளர்த்துக்கொண்டு நெடுந்தூரத்தில் இனித்தான் பிரவேசிக்க இருக்கும் இளைஞர்களுக்கு, தங்கள் முதல் மாரத்தானின் புத்துணர்ச்சியை வேறெங்கும் செலவழிக்காமல் தேர்வு நாளுக்கென்றே பாதுகாத்து வைக்க இந்த வழி இடம் தருகிறது.

ஓடிய நேரம் சரி, ஓடிய தூரம் சரிதானா என்பதும் இங்கே பரிசோதனைக்கு உரியது. சான்று பெற்ற பாதையில் ஓடிய நேரத்தையே தேர்வுக்கு ஏற்கிறார்கள். அந்தப் பாதையை அளக்கும் விதம் மிகவும் சுவாரஸ்யமானது. முதலில் எஃகு நாடாவால் அளந்த நேர்ச்சாலை ஒன்றில் சைக்கிளை ஓட்டி, முன்சக்கரத்தில் பொருத்திய எண்ணும் கருவி எத்தனை எண்ணுக்கு எத்தனை தூரம் காட்டுகிறது என்று நிச்சயித்துக்கொள்கிறார்கள். பிறகு அதே சைக்கிளில், ஓடுகிறவர் வளைவுகளில் எவ்வளவு ஒட்டி ஓட முடியுமோ அவ்வளவு ஒட்டிய மிகக் குறுகிய தடத்தில் பாதை முழுவதையும் அளக்கிறார்கள். அதன் பின்னரும் திருப்தியடையாமல், தூரம் ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டுகிறார்கள். அதாவது மாரத்தானில் 42 மீட்டரும் அரை மாரத்தானில் 21 மீட்டரும் அதிகமாகவே பாதை அமைகிறது. ஒரே ஒரு விநாடியில் வாய்ப்பை இழந்தவருக்கு அந்த 21 மீட்டர் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கண்டிப்பு இல்லையேல் எந்த நேரத்துக்கும் மதிப்பு இராது. சரிவைப் பற்றியும் விதி உண்டு. உலக சாதனைக்கு, கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கும் பாதை உதவாது; பாஸ்டன் மாரத்தான் அக்காரணத்தால் சாதனைப் பட்டியலுக்குப் புறம்பானது. தேர்வு ஓட்டத்தின் தகுதிக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லாததால் பாஸ்டனில் ஓடிய நேரம் செல்லும். டிசம்பரில் ஃபோல்சத்திலிருந்து சாக்ரமெண்டோ வரை ஓடும் கலிஃபோர்னியா சர்வதேச மாரத்தானையும், ஜனவரியில் சமதளச் சாலைகளில் நடக்கும் ஹூஸ்டன் அரை மாரத்தானையும் தகுதி தேடுகிறவர்கள் கூட்டங்கூட்டமாக நாடுகிறார்கள்.

இந்த வழியில் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே இதன் மதிப்புக்குச் சரியான சாட்சி. லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி பெற்ற கேலன் ரப், 2015 டிசம்பரில் போர்ட்லண்டில் நடந்த உள்ளூர் அரை மாரத்தான் ஒன்றை 1 மணி 1 நிமிஷம் 20 விநாடியில் ஓடித் தகுதி பெற்றார். அடுத்த பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் ஓடிய முதல் மாரத்தான், தேர்வு ஓட்டமாகவே அமைந்தது. அதில் 2 மணி 11 நிமிஷம் 12 விநாடியில் முதலாவதாக வந்து, ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார்.

மாலி சைடலின் சரித்திரம் இன்னும் மனத்தைத் தொடுவது. நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் தேசிய கல்லூரிப் போட்டிகளில் பட்டம் வென்றவர் அவர். பின்னர் பாஸ்டனில் காப்பிக் கடையில் வேலை பார்த்தும் குழந்தைகளைப் பராமரித்தும் ஜீவனம் நடத்திக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தார். 2019 டிசம்பரில் சான் அன்டோனியோவில் அரை மாரத்தானை 1 மணி 10 நிமிஷம் 27 விநாடியில் ஓடி, தேர்வுக்கு மூன்று மாதங்களே இருந்த நிலையில் தகுதி பெற்றார். 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி அட்லாண்டாவின் மேடுபள்ளமான வீதிகளில் தன் வாழ்வின் முதல் மாரத்தானை ஓடி இரண்டாமிடத்தைப் பிடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் வெப்பத்துக்கு அஞ்சி சப்போரோ நகருக்கு மாற்றப்பட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் அங்கே அவர் ஓடியது அவருடைய மூன்றாவது மாரத்தான்தான். அதில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.

2024-இல் ஒர்லாண்டோவில் ஃபியோனா ஓகீஃப் இவர்களையும் விஞ்சினார். அதுவும் அவருக்கு முதல் மாரத்தானே. அனுபவசாலிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளி, 2 மணி 22 நிமிஷம் 10 விநாடியில் முதலாவதாக வந்து, தேர்வு ஓட்டத்தின் பழைய சாதனையையும் அவர் முறியடித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் காயத்தினால் அவர் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது உண்மையே. ஆயினும் காயத்துக்கு அனுபவசாலி என்றும் புதியவர் என்றும் பேதம் கிடையாது. நாற்பது மாரத்தான் ஓடியவரும் அப்படி நின்றதுண்டு.

தகுதி நேரங்கள் 2016 முதல் 2024 வரை தேர்வுக்குத் தேர்வு இறுகியதையும் சொல்ல வேண்டும். 2016-இல் அரை மாரத்தானுக்கு ஆண்களுக்கு 65 நிமிஷமும் பெண்களுக்கு 75 நிமிஷமும் போதுமானவையாக இருந்தன. 2020-இல் அவை 64, 73 ஆகின. 2024-இல் 63, 72. அட்லாண்டாவுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் தகுதி பெற்றிருந்தார்கள். பெண்களின் மாரத்தான் நேரத்தை 2 மணி 45 நிமிஷத்திலிருந்து 2 மணி 37 நிமிஷமாகக் குறைத்தபின் அந்தத் தொகை ஒர்லாண்டோவில் பாதிக்கும் கீழே போயிற்று. அட்லாண்டாவுக்குத் தகுதி பெற்ற பெண்களில் பலர் பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு விடியற்காலையிலும் இரவிலும் ஓடியவர்கள். மூன்றாமிடம் கிட்டும் என்ற கனவும் அவர்களுக்கு இல்லை. அந்தக் கோட்டில் நிற்பதே அவர்களுக்கு ஒலிம்பிக். அவர்களுடைய தொகை குறைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. முதல் மூவருக்குள் வந்தாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் அதே ஒர்லாண்டோ காட்டியது: ஆண்களில் மூன்றாவதாக வந்த லியனார்ட் கோரிர் பாரிஸுக்குப் போவது, சர்வதேசத் தகுதி விதியின் காரணமாக, மே மாதத்தில்தான் உறுதியாயிற்று.

மாரத்தான் தேர்வுக்கு மாரத்தான் ஓடியவரே வர வேண்டும் என்று வாதிப்போர் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் தேர்வு நாளன்று எல்லோரும் முழுத் தூரத்தையும் ஓடித்தான் ஆக வேண்டும். அந்தக் கடைசி 12 கிலோமீட்டரில் யாருக்கும் விலக்கு இல்லை. ஆகையால் முன்கூட்டியே அதற்குத் தனியாக அத்தாட்சி கேட்பது அவசியமன்று. 63 நிமிஷத்தை 62 ஆக்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அரை மாரத்தான் வழியை அடியோடு எடுத்துவிடுவது, ரப்பையும் சைடலையும் ஓகீஃபையும் போன்றவர்கள் வேறெங்கோ ஒரு மாரத்தானை ஓடிக் களைத்த பின்னரே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதாகும். அந்தத் தவற்றை அமெரிக்கத் தடகள நிர்வாகிகள் செய்யக் கூடாது.