கருவியின் கடிகாரமும் நம் கடிகாரமும்

2021 மே 26, நண்பகல். அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கு இணைய முன்பதிவு தொடங்கிய நேரம். ஜொகூரிலும் பலர் கைப்பேசியும் கையுமாகக் காத்திருந்தனர். பக்கம் சரிவர வரவில்லை என்று எங்கும் முறையீடு. பொறுப்பிலிருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார்.

இத்தகைய நெரிசலை முன்னரே சோதிக்க ஜேமீட்டர் போன்ற கருவிகள் உண்டு. ஆயிரம் பேர் ஒரே வேளையில் கேட்பதுபோல் அவை சர்வர் கணினிக்குக் கோரிக்கை அனுப்பும். பதில் முழுவதும் வந்து சேர்ந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடும். உலாவிக்கோ வேலையில் பெரும்பங்கு அதற்குப் பிறகுதான். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்க வேண்டும், எழுத்தையும் படத்தையும் இடம் பார்த்து அடுக்க வேண்டும், திரையில் தீட்ட வேண்டும். ஜேமீட்டர் இவற்றைச் செய்வதில்லை. தபால் வீட்டுக்கு வந்த நேரம் வேறு, பிரித்துப் படித்து முடித்த நேரம் வேறு அல்லவா?

கூலாயில் ஒரு தரவு மையத்துக்குள்ளேயே கருவியை வைத்து அளந்தால் அரை வினாடி என்று காட்டலாம். மெர்சிங் பக்கம் பழைய கைப்பேசி வைத்திருப்பவர் அதே பக்கத்துக்கு ஐந்து வினாடி காத்திருக்கக்கூடும். இரண்டும் பொய்யல்ல. ஆகவே, கருவி சுமையேற்றிக்கொண்டிருக்கும்போதே மெய்யான உலாவி ஒன்றையும் திறந்து, தனியே அளந்து பார்க்க வேண்டும், முடிந்தால் மெர்சிங்கிலிருந்தே!