உங்களுக்குத் தெரியுமா? மேற்குச் சுவருக்கு ஒரு குடை

சித்திரை மாதத்து ராத்திரி, பத்து மணி வாக்கில், வீட்டின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று ஆறியிருக்கும். சுவர் மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான தோசைக்கல் போலக் கதகதக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்பக்கம் ஏறிய சூடு உட்பக்கம் வந்துசேர ஆறேழு மணி நேரம் ஆகிறது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு அடித்த வெயில்தான் நீங்கள் பாய் விரிக்கும் நேரத்தில் அறைக்குள் இறங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் தூக்கம் கெடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

*

அக்கினி நட்சத்திரத்தின்போது நம் வீட்டுத் தெற்குச் சுவரில் நேர் வெயில் படுவதே இல்லை! திருப்பத்தூர் ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 23, 24 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் 19 வாக்கில் திரும்பி வரும்வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். ஆகவே வெப்பத்தடுப்புக்குப் பணம் ஒதுக்கினால் முதலில் மொட்டைமாடி, அடுத்து மேற்குச் சுவர், பிறகு கிழக்கு. தெற்குச் சுவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

*

தோலைப் பதனிட்ட கடுக்காய்தான் பழைய வீட்டுச் சுவரையும் உறுதியாக்கியது. ஆவாரம்பட்டையும், பின்னாளில் வாட்டில் பட்டையும், கூடவே கடுக்காயும் சேர்த்துப் பதப்படுத்திய தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்று உலகச் சந்தையில் பெயர். அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதே கடுக்காயை இடித்து, வெல்லத்தோடு தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, புளித்த சாற்றைச் சுண்ணாம்புக் கலவையில் ஊற்றி அரைத்துப் பூசினார்கள் அந்தக் காலக் கொத்தனார்கள். ஜவ்வாது மலையில் விளையும் ஒரு காய், இங்கே இரண்டு தொழிலுக்குப் பயன்பட்டிருக்கிறது! நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய அந்தப் பூச்சின்மேல் விரலை ஓட்டினால் முட்டை ஓடு போல வழுவழுக்கும், நகம் இறங்காது.

அந்தப் பூச்சுக்கு இன்னொரு குணம் உண்டு: அது மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் போன்ற பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளேயே தங்கி உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, தட்டினால் டொக்கு டொக்கு என்று கேட்கும். எத்தனையோ நல்ல சுவர்கள் இப்படிப் பாழாவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இதில் சூட்டுக் கணக்கும் இருக்கிறது. ஈரம் கோத்த செங்கல், காய்ந்த செங்கலைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே எந்தத் தடுப்பு போடுவதானாலும் முதல் வேலை, சுவரைக் காயவிடுவதுதான்.

*

பாலாற்றுப் படுகையில் தோல் ஆலைக் கழிவால் நிலமும் நீரும் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அப்படி உப்பேறிக் கெட்ட நீர் சுவர் வேலைக்கும் ஆகாது. உப்புத் தண்ணீரில் குழைத்த கலவை, சுவருக்குள் உப்பை நாமே ஏற்றியதற்குச் சமம். பூச்சு வேலைக்கு நல்ல தண்ணீர் லாரி பிடித்தாலும் அது வீண் செலவல்ல.

*

புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இதன் மதிப்பு நம் மாவட்டத்திலேயே ஓர் இடத்துக்குத் தெரியும்: காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. பகலில் கூடம் சூடேறினால் இரவில் அந்தச் சூட்டுக்காற்று அலைந்து நட்சத்திரம் நடுங்கித் தெரியும். அதனால்தான் உலகெங்கும் தொலைநோக்கிக் குவிமாடங்களுக்கு வெண்மையோ வெள்ளி நிறமோ பூசுகிறார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் வழக்கமும் அடுத்து வரும் கோடைக்கு நல்ல காப்பு.

*

அடைபட்டு நிற்கும் காற்று, செங்கல் கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கடத்தும். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பியதற்கு இதுவும் ஒரு காரணம்; செங்கல்லும் கால் பங்கு மிச்சம். கட்டி முடித்த வீட்டில் அது இனி முடியாது. ஆனால் இடம் இருந்தால் மேற்குச் சுவருக்கு வெளியே இரண்டு அங்குலம் விட்டு, அடித்தளம் போட்டு, ஏஏசி எனப்படும் காற்றுக்குமிழ்க் கான்கிரீட் கல்லால் நான்கு அங்குலச் சுவர் ஒன்று எழுப்பலாம்.

*

தெர்மாகோல் பலகை ஒட்டுவதாக இருந்தால் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் வெயிலில் காய்வது சுவர். இரவுக் காற்றில் ஆறிய தடித்த சுவரின் குளிர்ச்சியும் அறைக்குக் கிடைக்காது. பலகைமேல் வலை வைத்து முழுக்கக் கலவை பூசி மூடுவது கட்டாயம், அது எளிதில் தீப்பற்றும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயில் 72 உயிர்கள் போனதற்கு வெளிச்சுவரில் பொருத்திய தீப்பற்றும் பலகைகளே முக்கியக் காரணம்.

*

வீட்டுச் சுவர், சன்னல் வழியே எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்பதற்கு 2018-இல் வெளியான ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு ஓர் அளவு வைத்தது: சதுர மீட்டருக்கு 15 வாட். அது புதுக் கட்டடங்களுக்கான விதி.

*

பழைய வீட்டுக்குச் செலவே இல்லாத வழியும் இருக்கிறது. தைப்பட்டத்தில் மேற்குப் பக்கம் நாலைந்து பீர்க்கு விதை ஊன்றுங்கள். சித்திரைக்குள் கொடி ஏறிச் சுவரை மறைத்துவிடும். சுவரிலேயே படரவிடாமல் ஒரு முழம் தள்ளிக் கம்பு நட்டு வலை கட்டுங்கள். நடுவே காற்று ஓடும், சுவரில் ஈரமும் கோக்காது, சமையலுக்குக் காயும் ஆச்சு.