கூடாரமா, நகரும் வீடா?

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது சர்ச்சு. குடும்பத்தோடு அங்கே இரவைக் கழிக்க மூன்று வழிகள். கழிப்பறையோடு கூடிய மோட்டார் வீடு சொகுசுதான். ஆனால் ஓடைகள் குறுக்கிடும் பாதையில் அதன் நீளமும் எடையுமே பாரம். டிரெய்லரை முகாமில் கழற்றிவிட்டு காரில் ஊர் சுற்றலாம்; குறுகிய மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் பின்னுக்கு நகர்த்துவது பெரும்பாடு. கூடாரம் மலிவு, எங்கும் போகும். ஆனால் குளிருக்குப் பயந்து உள்ளே அடுப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும்.

மலைநோயோ மூன்றையும் ஒன்றாகவே பாவிக்கிறது. நள்ளிரவில் குழந்தைக்குத் தலைவலியும் வாந்தியும் முற்றினால் கீழே இறங்குவதே மருந்து. சர்ச்சுவிலிருந்து எந்தப் பக்கம் இறங்குவதானாலும் முதலில் ஒரு கணவாய் ஏறியாக வேண்டும். எனவே, எதில் தங்குவது என்பதைவிட எங்கே தங்குவது என்பதே முக்கியம். முதல் இரவுக்குத் தாழ்வான ஜிஸ்பாவே உத்தமம்.