நிழலில் மலரும் முகம்

படம் எடுப்பதற்கு ஒளி வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். எந்த ஒளியைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறு பாதி இருளிலும் அமைந்த உருவப்படங்களின் நுட்பம் இந்தத் தடுத்தலிலேயே அடங்கியிருக்கின்றது.

1940களில் அமெரிக்காவில் தோன்றிய குற்றக்கதைப் படங்கள் சிலவற்றுக்கு, 1946இல் பிரெஞ்சு விமரிசகர்கள் ‘பிலிம் நுவார்’, அதாவது ‘கரிய திரைப்படம்’, என்று பெயரிட்டனர். ஆழ்ந்த நிழலும் பக்கவாட்டில் பாயும் கூரிய ஒளியும் அவற்றின் அடையாளங்கள். தமிழில் எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த, பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ இவ்வழியில் அமைந்த படமாகும்.

கொழும்புக்கும் இக்கலை புதிதன்று. 1900இல் பிறந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். ஒளிப்படக் கலையில் தலைசிறந்தவர். ‘பிலிம் நுவார்’ என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே, ஒளியையும் நிழலையும் எதிரெதிரே நிறுத்தி அவர் படங்களை ஆக்கினார். அவர் வீடு இருந்த இடத்திலேயே, அவர் பெயர் தாங்கிய கலையரங்கு 1953இல் திறக்கப்பட்டது. அவருடைய படங்களில் இந்நாட்டு மக்களின் கரிய மேனி கரியதாகவே நின்று ஒளிர்கின்றது. கலியாணப் பேச்சுக்காக எடுக்கும் படத்தில் முகத்தை வெளுப்பாக்கித் தருமாறு கேட்கும் வழக்கத்தை எண்ணும்போது இதன் பெருமை புலப்படும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு சிறிய அறையும் ஒரு மேசை விளக்குமே இத்தகைய படத்துக்குப் போதும். இரவு நேரம் உகந்தது. தெரு விளக்கின் ஒளி நுழையாதபடி யன்னலை மூடி, அறையின் மற்றைய விளக்குகளை அணைத்துவிட வேண்டும். வெள்ளைச் சுவர்களே இங்கு பெரும் இடையூறு. விளக்கின் ஒளி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, நிழலைக் கரைத்துவிடும். ஆகவே, முகத்தின் இருண்ட பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுதல் நன்று.

அமர்பவரைப் பின்சுவரிலிருந்து விலக்கி அமர்த்துதல் வேண்டும். சிறு விளக்கின் ஒளி, தூரம் இரு மடங்காகும்போது கால் பங்காகவும், மூன்று மடங்காகும்போது ஒன்பதில் ஒரு பங்காகவும் குறையும். முகம் விளக்கிலிருந்து ஒரு மீற்றரிலும் சுவர் மூன்று மீற்றரிலும் இருந்தால், சுவர் தானாகவே இருளில் மறையும். விளக்கைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, முன்புறத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நிறுத்தினால், இருண்ட கன்னத்தில் முக்கோண வடிவில் சிறிது ஒளி விழும். முற்றும் பக்கத்துக்கு நகர்த்தினால் முகம் இரண்டாகப் பிரியும். கருங்கூந்தல் இருளோடு கலந்துவிடாதிருக்க, பின்புறத்தில் மற்றொரு சிறு விளக்கை மறைவாக வைக்கலாம்.

கரிய முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் தவழும் மினுக்கமே. எனவே முகத்தில் மா பூசி அதனை மறைத்தல் ஆகாது. கொழும்பின் புழுக்கத்தில் அரும்பும் வியர்வையை மட்டும் ஒற்றி எடுத்தால் போதும். தானாக இயங்கும் கமராவும் கைப்பேசியும் இருண்ட காட்சியைக் கண்டதும் அதனை வெளிச்சமாக்க முற்படும். அவற்றின் ஒளி அளவைக் கையால் குறைத்து, ஒளி படும் கன்னத்தின் நிறம் உள்ளபடியே தோன்றுமாறு அமைத்தல் வேண்டும். நிழல் எத்துணை ஆழமாயினும், ஒரு கண்ணிலேனும் ஒளிப்பொட்டு ஒன்று இருத்தல் அவசியம். அது இல்லையேல் முகம் உயிரற்றதாகிவிடும்.

நிறத்தை மாற்றாமல் முகத்தை அழகுறக் காட்டும் வழி இது. இதற்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. விளக்கைச் சிறிது சிறிதாக நகர்த்தி, நிழல் எங்கு விழுகின்றது என்று பொறுமையோடு நோக்கும் கண்ணேயாகும்.