பழைய கூரையும் சிலேட்டுக் கல்லும்

சிறார் எழுதிப் பழகும் சிலேட்டை அறியாதார் நம்மில் அரியர். அக்கல்லையே வீட்டுக்குக் கூரையாக வேயும் வழக்கம் பிரிட்டனில் நெடுங்காலமாக உண்டு. அத்தகைய பழைய வீடொன்றின் கூரை ஒழுகத் தொடங்குமாயின், செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வேல்ஸ் நாட்டின் வடமேற்குப் பகுதி இக்கல்லுக்குப் பேர்பெற்றது. ஆங்குப் பெத்தெஸ்டா என்னும் ஊரையடுத்துள்ளது பென்ரின் குவாரி. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியிற் படிந்த சேறு, பின்னர்ப் பேரழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகிக் கல்லாயிற்று. அவ்வழுத்தத்தால் அதன் நுண்துகள்கள் ஒரே முகமாக அமைந்தன. ஆதலின் விளிம்பில் உளியை வைத்துத் தட்டின், அஃது ஏடு ஏடாகப் பிளக்கும். நீரையும் எளிதில் உட்கொள்ளாது.

இப்பலகைகளை வேய்வதில் ஒரு கணக்கு உண்டு. மூன்றாம் வரிசையின் கீழ் விளிம்பு, முதல் வரிசையின் தலையைச் சில அங்குலம் மூடுதல் வேண்டும். 20 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள பலகையைக் கோமாட்டி என்னும் பொருள்படக் ‘கவுண்டெஸ்’ என்பர். மூடல் 3 அங்குலமாயின், அதில் வெளியே தோன்றுவது 8½ அங்குலமே. இங்ஙனம் எவ்விடத்தும் இரண்டு பலகைகளேனும் மழைக்குக் காவலாய் நிற்கும்.

இனி, கூரை கெடுவது எதனால்? பெரும்பாலும் கல் கெடுவதன்று. அதைத் தாங்கும் இரும்பாணியே துருவேறி இற்றுப்போகின்றது. ஆணி இற்றதும் பலகை நழுவும், அவ்வழியே நீர் புகும், மரச்சட்டம் உளுத்துப்போகும். இதனை ஓராது கல்லைப் பழித்து, அனைத்தையும் வாரி எறிந்து, சிமெண்டாற் செய்த போலிப் பலகைகளை ஏற்றுவாரும் உளர்.

ஆதலின் முதற்கண் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரற்கணுவால் தட்டிப் பார்த்தல் வேண்டும். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். விரிசலுற்றதோ மழுங்கிய ஓசை தரும். தேறியவற்றைக் கனம் நோக்கி வகுத்து, தடித்தவற்றை இறவாணத்தருகும் மெல்லியவற்றை முகட்டருகும் இடுவர். பழுதுற்ற ரீப்பர்களை மாற்றி, செம்பாணி கொண்டு பலகைகளைப் பொருத்துவர். ஆணியை மிக இறுக அறையின் கல் பிளக்கும்; தளர விடின் காற்றில் ஆடும். குறைவுபடும் பலகைகட்கு நிறமும் கனமும் ஒத்த பழங்கல்லைத் தேடுவர். அது போதாவிடின், பழையவற்றை வீதி நோக்கிய சரிவிற் சேர்த்து, புதியவற்றைப் பின்புறச் சரிவில் இடுவர்.

இதற்குக் காலமும் கூலியும் மிகும் என்பது மெய்யே. ஆயினும் அக்கல்லுக்கு முன்னரே கொடுக்கப்பட்ட விலையையும் நாம் எண்ணுதல் வேண்டும். அதனைப் பிளந்த தூசியால் நுரையீரல் நோயுற்று மாண்ட தொழிலாளர் பலர். 1900 முதல் 1903 வரை பென்ரின் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, வறுமையுற்று, ஈற்றில் தோல்வியே கண்டனர். அந்நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்னும் பல்லாண்டு உழைக்கவல்ல கல்லை ஓர் ஆணியின் குற்றத்திற்காகக் குப்பையிற் கொட்டுதல், அவர்தம் உழைப்பையும் உடன் கொட்டுவதாகும்.