சீட்டில் பெயர் இருந்தால்தானே குலுக்கலில் விழும்?

தோணிரேவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பழவேற்காடு ஏரியிலிருந்து அடித்த காற்றில் கையிலிருந்த காகிதங்கள் பறந்துகொண்டே இருந்தன. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளை உட்காரவைத்து கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், குரூப் 4 தேர்வு என்று நாங்கள் வழக்கமாகப் பேசுவதைப் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் திண்ணையில் இரண்டு அம்மாக்கள் பனையோலைக் கூடை முடைந்தபடி காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: "டென்னிஸ் கோச் ஆவணும்னா இன்னா படிக்கணும்க்கா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாங்களும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் டென்னிஸ் மைதானம் எதையும் பார்த்ததில்லை. அந்தப் பெண் ஆடுவது கபடி. செல்போனில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பெண்கள் டென்னிஸ் அணியையும், கைகட்டி நின்று உத்தரவு போடும் கறுப்பினப் பயிற்றுநரையும் பார்த்திருக்கிறார். "ஆடுறதுக்கு வயசு போய்ட்ச்சு. ஆடவைக்கலாமில்ல?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏரியில் மீன்பிடிக்கிறவர்களுக்குப் 'பாடு' தெரியும். எந்த இடத்தில் இன்று யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துத் தீர்மானிக்கும் பழைய ஏற்பாடு. நியாயமான முறை என்று ஆய்வாளர்கள் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். சீட்டில் பெயர் இருக்கிறவர்களுக்கு நியாயம்தான். பாடு உரிமை பாரம்பரியமாகக் குறிப்பிட்ட மீனவச் சாதியின் ஊர்களுக்கு உரியது. மற்றவர்கள் ஓரத்தில் நிற்க வேண்டும். அதே ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. கல்லூரிகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் பயிற்றுநர் நாற்காலிக்கு நடக்கும் குலுக்கலை நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம்.

பயிற்றுநர் என்றால் விசில் ஊதுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அணிப் பட்டியலை எழுதுவது அவர். யாருக்கு ஷூ, யாருக்கு முட்டையும் பாலும், யார் வெளியூர்ப் போட்டிக்குப் போவது என்பதெல்லாம் அவர் பேனாவில் இருக்கிறது. எங்களில் ஒருவர் படித்த கல்லூரியில், பெயர் வேண்டாம், ஓட்டத்தில் முதலாவதாக வந்த காலனிப் பெண்ணின் பெயர் மண்டலப் போட்டிப் பட்டியல் ஒட்டப்பட்டபோது அதில் இல்லை. "உங்க வீட்டுல அனுப்ப மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்பது சொல்லப்பட்ட காரணம். வீட்டில் யாரும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்தும் அவர் அதைச் சொல்லும்போது குரல் மாறுகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் டென்னிஸுக்குள் நுழைந்த கதையிலும் பயிற்றுநரே முக்கியம். பருத்தி வயலில் பங்குக்கு உழைத்த குடும்பத்தில் 1927-ல் பிறந்தவர் ஆல்தியா கிப்சன். வளர்ந்தது நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில். வெள்ளையர் கிளப்புகளின் கதவு மூடியிருந்த காலத்தில், வர்ஜீனியா மாநிலம் லிஞ்ச்பர்கில் ராபர்ட் வால்டர் ஜான்சன் என்ற கறுப்பின மருத்துவர் தன் வீட்டிலேயே மைதானம் அமைத்துப் பிள்ளைகளைப் பழக்கினார். ஆல்தியாவும், பிறகு ஆர்தர் ஆஷும் அந்த வீட்டில் பயின்றவர்கள். ஆல்தியா 1957-லும் 1958-லும் விம்பிள்டன் வென்றார். அப்போது அது அமெச்சூர் ஆட்டம், பரிசுப் பணம் கிடையாது. விம்பிள்டனுக்கு முன்பு மிசௌரியில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்துச் சம்பாதித்தார். முதுமையில் மருந்துக்கும் வாடகைக்கும் திண்டாடியபோது, பழைய இரட்டையர் கூட்டாளி ஏஞ்செலா பக்ஸ்டன்தான் அவருக்காகப் பணம் திரட்டினார். ஆல்தியா 2003-ல் இறந்தார். நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் நடக்கும் வளாகத்தில் அவர் சிலை 2019-ல் வந்தது. சிலை வைக்க எல்லா நாட்டிலும் தாமதமாகத்தான் ஞாபகம் வருகிறது.

2007-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பெண்கள் டென்னிஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக வந்தார் டிரேசி கிரீன் என்ற கறுப்பினப் பெண். புளோரிடா பல்கலைக்கழக மாணவியாக 1998-ல் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். டெம்பிள் பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்துவிட்டு ஹார்வர்டுக்கு வந்தார். மாணவி, பிறகு ஓர் அணியின் பயிற்றுநர், பிறகு இன்னும் பெரிய இடம் என்று படிப்படியாக ஏறிய வாழ்க்கை. ஆல்தியாவுக்கு இல்லாமல் போனது இந்தப் படிக்கட்டு. அங்கும் எல்லாம் சரியில்லை. 1972-ல் பெண்கள் விளையாட்டுக்குச் சம உரிமை தரும் சட்டம் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். சட்டத்தால் காசும் மரியாதையும் வந்தன. நாற்காலிக்கு ஆண்களும் வந்தார்கள். பெண் பயிற்றுநர்களின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது.

அந்த மாணவிக்கு இதெல்லாம் தூரத்துக் கதை. நம் மண்ணில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். டென்னிஸில் சொல்ல எங்களிடம் பெயர் இல்லை. தடகளத்தில் ஒரு பெயர் சொன்னோம்: சாந்தி சௌந்தரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களுக்குப் பிறந்த தலித் பெண். சிறுமியாக இருந்தபோது ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. அவர்தான் முதல் பயிற்றுநர். 2005-ல் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடி வெள்ளி. சில நாட்களில் பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவ அந்தரங்கமாக இருக்க வேண்டியது தொலைக்காட்சிச் செய்தியானது. ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, பிறந்த உடம்போடு ஓடினார். 2009-ல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே நெருக்கடி வந்தபோது அந்த நாட்டு அரசு அவர் பக்கம் நின்றது. 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்த் தடுக்கப்பட்டபோது வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2015-ல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. சாந்திக்கு 2006-ல் வழக்கறிஞரும் இல்லை, சங்கமும் இல்லை. இந்திய விளையாட்டு அமைப்புகள் கையைக் கழுவிக்கொண்டன.

பதக்கம் பறிபோன கதையை எல்லோரும் எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகான பத்து வருடம் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. எங்களுக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது ஒரு பயிற்றுநரின் வாழ்க்கை.

தமிழக முதல்வராக இருந்த கருணாநிதி 15 லட்சம் ரூபாய் வழங்கினார். சாந்தி அந்தப் பணத்தில் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவரிடம் பயின்றவர்கள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். உடம்பைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், உயிரை விட்டுவிடலாம் என்ற நிலைக்குப் போய் மீண்ட அதே காலத்தில், அவர் விசிலோடு மைதானத்தில் நின்றிருக்கிறார். அரசுப் பயிற்றுநர் வேலையும் கிடைத்தது; ஒப்பந்தத்தில், மாதம் ஐயாயிரம் ரூபாய் அளவில். தற்காலிகம் என்றால் என்ன என்று நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. அது நிலைக்கவில்லை. 2012-ல் பத்திரிகைகள் அவரைத் தேடிப் போனபோது அப்பா அம்மா உழைத்த செங்கல் சூளையில், நாளொன்றுக்கு 200 ரூபாய்க்கு வேலை செய்துகொண்டிருந்தார். ஆசிய அளவில் ஓடியவர், மாணவர்களை ஜெயிக்கவைத்தவர். ஆனாலும் கையில் பயிற்றுநர் பட்டயம் இல்லை என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது.

அந்தப் பதிலையும் அவர் முறித்தார். 2013-ல் பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் பயிற்றுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். மறுபடி ஒப்பந்தப் பணி. மறுபடி மனு, நீதிமன்றம், மனித உரிமை ஆணையம். உடன் நின்றவர்கள் சிலர். 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரத் தடகளப் பயிற்றுநர் ஆணை வந்தது. தோஹாவில் ஓடியபோது 25 வயது, ஆணை கைக்கு வந்தபோது 35.

நாற்காலி கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. சாதியையும் உடலையும் சொல்லி இழிவுபடுத்தியதாக, உடன் பணியாற்றும் பயிற்றுநர் ஒருவர் மீது 2018-ல் சென்னையில் போலீஸில் புகார் கொடுத்தார். சூளையில் நின்றிருந்தால் இந்தப் புகாரை யார் வாங்கியிருப்பார்கள்? நிரந்தரப் பணியின் பலன் சம்பளம் மட்டும் இல்லை. எதிர்த்து எழுதுகிற கை நடுங்காது.

அதனால்தான் தொகுப்பூதியம், ஒப்பந்தம், கௌரவப் பயிற்றுநர் என்ற சொற்களைக் கண்டாலே எங்களுக்குக் கசக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் இடஒதுக்கீடு சட்டப்படி இருக்கிறது. முறையாக அறிவித்து நிரப்பும் பணியிடத்தில் இனச்சுழற்சி என்று கேள்வி கேட்கலாம். "தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று நிரப்பும் இடத்தில் யாரிடம் என்ன கேட்பது? தெரிந்தவர் பட்டியலில் நம் பிள்ளைகள் இருப்பதில்லை. நாம் முன்வைக்கும் கோரிக்கை பெரிதல்ல: அரசுக் கல்லூரிகளிலும் ஆணையத்திலும் காலியாக உள்ள உடற்கல்வி, பயிற்றுநர் இடங்களை நிரந்தரமாக அறிவியுங்கள், சுழற்சிப் பட்டியலை வெளியிடுங்கள்.

மாணவியின் கேள்விக்கு வருவோம். பட்டப்படிப்பு முடித்ததும் பி.பி.எட்., பிறகு எம்.பி.எட். நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. மேலக்கோட்டையூரில் அரசின் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆக எம்.பி.எட். உடன் நெட் அல்லது செட் தேர்ச்சி வேண்டும். ஒரு விளையாட்டுக்கே பயிற்றுநர் ஆக பாட்டியாலாவிலும் பெங்களூரிலும் பட்டயப் படிப்பு உண்டு. ஆனால் அதற்கு அந்த விளையாட்டை ஆடியிருக்க வேண்டும். டென்னிஸ் என்றால் இன்றைக்கே மட்டையைத் தூக்கினாலும் நெடுந்தூரம் என்பதை மறைக்காமல் சொன்னோம். கபடிக்கும் அதே பட்டயம், அதே நாற்காலி உண்டு என்பதையும் சொன்னோம். கல்லூரிகளுக்கிடையே ஆடிய சான்றிதழ், மாவட்டப் போட்டிச் சான்றிதழ் எல்லாம் எங்கே என்று கேட்டோம். போன மழையில் நனைந்துபோன டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். நகல் வாங்க மனு எழுதிக் கொடுத்தோம்.

கூடை முடைந்துகொண்டிருந்த அம்மாக்களில் ஒருவர் அதுவரை பேசவில்லை. "அந்தப் பொண்ணு சாந்திக்கு இப்ப மாசாமாசம் சம்பளம் வருதாம்மா?" என்றார்.

நிரந்தர வேலை, வரும் என்றோம்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மகளிடமிருந்து மனுவை வாங்கி, காற்றில் பறக்காமல் ஓலைக் கட்டுக்கு அடியில் வைத்தார்.